நீல டோக்கன், சிவப்பு டோக்கன்

போன பொங்கல் லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தது. மேலே அக்கா பையன் பெயர், கீழே வரிசையாக: 'தண்ணீர் கேட்டான்', 'கண்ணைப் பார்த்துப் பேசினான்', 'கையை ஆட்டாமல் உட்கார்ந்தான்'. செய்தால் நீல நட்சத்திரம், செய்யாவிட்டால் சிவப்புப் புள்ளி. பத்து நட்சத்திரம் சேர்ந்தால் கால் மணி நேரம் ரயில் வீடியோ. பையனுக்கு ஆறு வயசு, ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள். வாரத்துக்கு அஞ்சு நாள் ஒரு தெரபி சென்டருக்குப் போகிறான். சார்ட் அங்கே கொடுத்தது.

"தண்ணி கேக்கறது சரி. கையை ஆட்டினா என்னக்கா?" என்றேன். சந்தோஷம் வந்தால் ரெண்டு கையையும் சிறகு மாதிரி அடிப்பான், அவ்வளவுதான். அக்கா சொன்னது: "நீ பேசுவ. ஸ்கூல்ல சேக்கப் போறது நான்தானே. மத்த பசங்க மாதிரி தெரியணும்டா."

நான் மருத்துவன் இல்லை, மனநலம் படித்தவனும் இல்லை. கோடு எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் அந்த 'மத்த பசங்க மாதிரி தெரியணும்' எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்து, மூணு மாசம் ராத்திரி ராத்திரியாகப் பழைய பேப்பர்களைப் படித்தேன். ஆட்டிசத்தின் வரலாறு என்று நினைத்துத் தொடங்கியது, நடுவில் திருநர் வரலாற்றுக்குள் போய்விட்டது. இரண்டும் ஒரே வாசலில் சந்திக்கின்றன. அந்த வாசல் லாஸ் ஏஞ்சலீஸில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்தது.

ஓலே ஐவார் லோவாஸ் 1927-ல் நார்வேயில் பிறந்தவர். அமெரிக்கா போய்ப் படித்து, 1960-களின் தொடக்கத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது ஆட்டிசக் குழந்தைகளை நிரந்தரமாக விடுதிகளில் அடைத்து வைப்பதுதான் வழக்கம். அம்மா பாசம் காட்டாததால்தான் குழந்தை இப்படி ஆனது என்று டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம். லோவாஸ் அதை ஏற்கவில்லை. காரணத்தை விடுங்கள், நடத்தையைப் பார்ப்போம் என்றார். வேண்டிய நடத்தைக்குப் பரிசு, வேண்டாததற்குத் தண்டனை. பேசாத குழந்தைகள் சிலர் பேசினார்கள். பெற்றோருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமாகாது.

தண்டனைப் பக்கம் என்ன நடந்தது என்பதையும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1965-ல் வந்த பேப்பரில், ஐந்து வயது இரட்டைக் குழந்தைகளை மின்சாரம் பாயும் தரையில் வெறுங்காலோடு நிற்க வைத்து, பெரியவரிடம் ஓடிவந்தால் ஷாக் நிற்கும்படி செய்தார்கள். அன்பாக ஒட்டிக்கொள்ளக் கற்றுக்கொடுக்கிறார்களாம். அதே வருஷம் மே மாசம் லைஃப் பத்திரிகை இந்த லேபைப் படங்களோடு வெளியிட்டது. 1974-ல் சைக்காலஜி டுடே பேட்டியில் லோவாஸ் சொன்னதன் சாரம் இது: இந்தக் குழந்தைகளிடம் உடம்பு இருக்கிறது, ஆனால் உளவியல் அர்த்தத்தில் ஆள் இல்லை, ஆளை நாம்தான் கட்ட வேண்டும்.

அதே 1974-ல் அவர் பெயர் இன்னொரு பேப்பரிலும் வந்தது. ஜர்னல் ஆஃப் அப்ளைட் பிஹேவியர் அனாலிசிஸ் இதழ். முதல் பெயர் ஜார்ஜ் ரெக்கர்ஸ், லோவாஸிடம் ஆய்வு செய்த மாணவர். இரண்டாவது பெயர் லோவாஸ். இதில் ஆட்டிசம் இல்லை. 4 வயது 11 மாதமான ஒரு பையன். பேப்பரில் அவனுக்கு வைத்த மாற்றுப் பெயர் கிரெய்க். பொம்மை வைத்து விளையாடுகிறான், பெண் உடைகளை விரும்புகிறான், நடையும் கையசைவும் பெண் பிள்ளை மாதிரி இருக்கிறது என்பது புகார்.

முறை இதுதான். ஒரு அறை, இரண்டு மேஜை. ஒன்றில் உடுத்திப் பார்க்கும் சாமான்கள், ஒன்றில் விளையாட்டுச் சாமான்கள். இரண்டிலும் 'ஆண் பொருள்', 'பெண் பொருள்' கலந்து கிடக்கும். அம்மா காதில் இயர்ஃபோன். பையன் துப்பாக்கியை எடுத்தால் சிரித்துப் பாராட்ட வேண்டும். பொம்மையை எடுத்தால் முகத்தைத் திருப்பி ஒரு புத்தகத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எப்போது எதைச் செய்வது என்று இயர்ஃபோனில் உத்தரவு வரும்.

வீட்டுக்கு டோக்கன். ஆண் பிள்ளை மாதிரி நடந்தால் நீலம், சேர்த்து மிட்டாய் வாங்கலாம். பெண் பிள்ளை மாதிரி நடந்தால் சிவப்பு. சிவப்பு சேர்ந்தால் நீலம் பறிபோகும். அப்பாவிடம் அடியும் விழும். இது நான் ஊகித்துச் சொல்வதில்லை, பேப்பரிலேயே இருக்கிறது.

இதைப் படித்த ராத்திரி எழுந்துபோய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நீலம், சிவப்பு. அக்கா வீட்டு ஃபிரிட்ஜ்.

ஏன் செய்தார்கள்? அவர்கள் சொன்ன காரணங்களை நேர்மையாகத் தருகிறேன். இப்படிப்பட்ட பையனை மற்றவர்கள் கேலி செய்வார்கள், ஒதுக்குவார்கள். சமூகம் சீக்கிரம் மாறப்போவதில்லை, அதனால் பையனை மாற்றுவது அவனுக்குச் செய்யும் உதவி. பின்னால் அவன் பாலினம் மாற விரும்புபவனாகவோ தன்பாலின ஈர்ப்பு உள்ளவனாகவோ வளர்வதைத் தடுக்கலாம். பெற்றோரும் கவலைப்படுகிறார்கள். இதில் 'பையனை' எடுத்துவிட்டு 'ஆட்டிசக் குழந்தையை' என்று போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு காரணமும் கடைசிக் காரணமும் ஒரு எழுத்துகூட மாறாது.

முடிவாக அவர்கள் அறிவித்ததும் ஒன்றேதான். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது கிரெய்க் மற்ற பையன்களிலிருந்து பிரித்தறிய முடியாதபடி இருந்தான். இந்த 'பிரித்தறிய முடியாதபடி' என்ற சொல்தான் 13 வருஷம் கழித்து, லோவாஸின் மிகப் புகழ்பெற்ற 1987 ஆய்வைச் சுற்றியும் வருகிறது. அதில் 19 ஆட்டிசக் குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம், இரண்டு வருஷத்துக்கு மேல் பயிற்சி. 9 பேர், அதாவது 47 சதவீதம், சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பை முடித்து, அறிவுத்திறன் தேர்விலும் சராசரியைத் தொட்டார்கள். தண்டனையாக உரக்க 'நோ' சொல்வதும் தொடையில் அடிப்பதும் இருந்தன. இன்று உலகம் முழுக்க, நம்ம ஊரில் தெருவுக்குத் தெரு திறந்திருக்கும் சென்டர்கள் வரைக்கும், ஏ.பி.ஏ. என்ற பெயரில் நடப்பவற்றில் பாதிக்கு வேர் அந்த 47 சதவீதம்தான்.

எங்கள் தொழிலில் ஒரு வியாதி உண்டு. டெஸ்ட் பாஸ் ஆக வேண்டும் என்று மட்டும் குறி வைத்தால், கோடு எழுதுகிறவன் டெஸ்டுக்காகவே எழுதுவான். எல்லாம் பச்சையாக ஒளிரும், உள்ளே பக் அப்படியே இருக்கும். வெளியே தெரியும் நடத்தை மட்டுமே அளவுகோல் என்றால், குழந்தை என்ன கற்றுக்கொள்கிறது? மறைக்கக் கற்றுக்கொள்கிறது. டெஸ்ட் எழுதியவருக்கு இது தெரிய வழியே இல்லை, ஏனென்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பது அந்த முறையில் சேர்த்தியே இல்லை.

கிரெய்க்குக்கு என்ன ஆனது? ரெக்கர்ஸ் பல வருஷம் அவனைத் தன் வெற்றிக் கதையாகச் சொல்லி வந்தார். 2011-ல் சி.என்.என். அவனுடைய குடும்பத்தைப் பேட்டி எடுத்தது. அவன் வளர்ந்து, தன்பாலின ஈர்ப்பு உள்ளவராக வாழ்ந்து, விமானப்படையில் வேலை பார்த்து, பிறகு ஒரு அமெரிக்க நிதி நிறுவன வேலையாக இந்தியா வந்து, 2003-ல், 38 வயதில், டெல்லியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அண்ணன் சொன்ன ஒரு விஷயம் என்னை விடவில்லை. சிவப்பு டோக்கன் சேர்ந்தால் தம்பிக்கு அடி விழும் என்பதால், கொஞ்சம் சிவப்பை எடுத்துத் தன் பங்கில் போட்டுக்கொள்வாராம். அப்போது அவருக்கு எட்டு வயது. அந்த ஆய்வில் தரவைத் திருத்திய ஒரே ஆள் ஒரு சின்னப் பையன்.

பல பத்தாண்டுகளுக்குப் பிறகு நடந்ததை அந்தச் சிகிச்சையோடு முடிச்சுப் போடுவது வெறும் அனுமானம், அதற்கு ஆராய்ச்சி வேண்டும் என்று ரெக்கர்ஸ் பதில் சொன்னார். தர்க்கப்படி ஒரு தனி மனிதரின் மரணத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்ல முடியாதுதான். ஆனால் அதே ஒற்றை மனிதரை வைத்து வெற்றி என்று எழுதும்போது இந்த எச்சரிக்கை எங்கே போயிருந்தது?

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கிரெய்க் திருநர் இல்லை. ஆட்டிசம் உள்ளவரும் இல்லை. 'இப்படி ஆகிவிடுவானோ' என்ற பயத்துக்குத்தான் அவனுக்குச் சிகிச்சை நடந்தது. அந்தக் காலம் அப்படி என்று தள்ளிவிடவும் முடியாது. மூணே வருஷத்தில், 1977-ல், அதே இதழில் எதிர்ப்புக் கட்டுரைகள் வந்தன. அந்தத் துறையை நிறுவியவர்களில் ஒருவரான டொனால்ட் பேயரும் அவற்றில் ஒன்றின் ஆசிரியர்களில் இருக்கிறார். ஆண் பிள்ளை இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற அச்சு சரியா என்று அப்போதே கேட்டார்கள். இதழ் 'கவலை தெரிவிக்கும் குறிப்பு' ஒன்றைப் போட 2020 ஆனது. பேப்பரைத் திரும்பப் பெறவில்லை.

இப்போது இந்த இரண்டு கோடுகளும் ஒரே ஆளில் சேரும் இடத்துக்கு வருவோம். அமெரிக்க மனநல சங்கத்தின் மூன்றாம் கையேடு 1980-ல் வந்தபோது, ஆட்டிசம் தனி நோயாக முதல்முறை அதில் இடம் பெற்றது. குழந்தைகளின் பாலின அடையாளக் கோளாறும் அதே பதிப்பில்தான் முதல்முறை வந்தது. ஒரே புத்தகம், வேறு வேறு பக்கம். இரண்டு பக்கமும் ஒரே மனிதருக்குப் பொருந்தினால் என்ன என்று ரொம்ப நாள் பெரிதாக யாரும் கேட்கவில்லை.

அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். 1993-ல் டொராண்டோ மாநாட்டில், எங்களுக்காக அழாதீர்கள் என்று ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோரிடம் பேசிய ஜிம் சின்க்ளேர், ஆட்டிசம் உள்ளவர்களே நடத்திய முதல் அமைப்புகளில் ஒன்றைத் தொடங்கியவர். தன்னை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிக்கொள்ளாதவர். (தமிழில் 'அவர்' என்று போட்டுவிட்டுப் போய்விடலாம். ஆங்கிலக்காரர்கள்தான் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.) ஆட்டிசத்தை எடுத்துவிட்டால் உள்ளே ஒரு சாதாரணக் குழந்தை மிஞ்சும் என்று நினைக்காதீர்கள், எடுத்தால் இருக்கிற ஆளும் போய்விடுவார் என்பதுதான் அவர் பேச்சின் மையம். லோவாஸ் 1974-ல் ஆளே இல்லை என்றதற்கு 19 வருஷம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலாக நான் இதைப் படிக்கிறேன்.

எண்ணிக்கை தெரிய இன்னும் ரொம்ப நாள் ஆனது. 2020-ல் கேம்பிரிட்ஜில் வருண் வாரியர் குழு, 6,41,860 பேரின் தரவை எடுத்துப் பார்த்தது. அதில் பெரும்பகுதி ஒரு பிரிட்டிஷ் டிவி நிகழ்ச்சிக்காக நேயர்கள் நிரப்பிய படிவங்கள். தாங்கள் பிறந்தபோது குறித்த பாலினத்தோடு பொருந்தாதவர்களிடம் ஆட்டிசம் இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 3 முதல் 6 மடங்கு அதிகம். ஏன் என்பதற்குப் பல கருத்துகள் ஓடுகின்றன. ஊர் போட்ட கோடு ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அவ்வளவாக உறைப்பதில்லை, அதனால் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள் என்பது ஒன்று. என்னைக் கேட்டால், ஏன் என்பதைவிட, இவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன நடக்கிறது என்பதுதான் அவசரமான கேள்வி.

அதையும் அவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். 2018-ல் ஜான் ஸ்ட்ராங் குழு, ஆட்டிசமும் உள்ள திருநர் பதின்வயதினர் 22 பேரோடு செய்த ஆய்வுக்குத் தலைப்பே, அதை ஒரு அதீத ஈடுபாடு என்று நினைத்தார்கள் என்ற பொருளில் அமைந்தது. ரயில் மேல் பைத்தியம், டைனோசர் மேல் பைத்தியம், அந்த வரிசையில் இதுவும் ஒன்று, கொஞ்ச நாளில் போய்விடும் என்று சொல்லி அனுப்பிவிடுவார்களாம். பாலின கிளினிக்குகளில் பெரும்பாலும் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டும்: எப்போது தோன்றியது, எப்படி உணர்ந்தாய், இன்னும் பத்து வருஷத்தில் எப்படி இருப்பாய். உணர்ச்சிக்குச் சட்டென்று சொல் கிடைக்காத ஒருவர், ட்யூப் லைட் கண்ணில் குத்த, எதிரே புது ஆளிடம் இதைச் சொல்ல வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேசாவிட்டால் சந்தேகம். மனப்பாடம் பண்ணியது மாதிரி கோர்வையாகப் பேசினாலும் சந்தேகம். 'இந்தச் சட்டை எனக்கு வேண்டாம்' என்றால், காலர் உறுத்துகிறதா, ஆண் சட்டை என்பதாலா என்று கேள்வி. இரண்டும்தான் என்ற பதிலுக்குப் படிவத்தில் கட்டம் இருக்காது.

ஆட்டிசம் இருப்பதாலேயே பாலினச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று அதே ஸ்ட்ராங் முன்னின்று தயாரித்த மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் 2023 ஏப்ரலில் அமெரிக்காவின் மிசௌரி மாநில அட்டர்னி ஜெனரல் போட்ட அவசர விதியில், பாலினச் சிகிச்சை கேட்பவர்களுக்கு முதலில் ஆட்டிசப் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அடுத்த மாதமே விதி திரும்பப் பெறப்பட்டது. ஆனால் எண்ணம் தெரிந்துவிட்டது: ஒன்று இருந்தால், மற்றதைப் பற்றி நீ சொல்வது செல்லாது. அதனால் ஆட்டிசச் சான்றிதழ் வாங்கவே தயங்கும் திருநர்கள் இருக்கிறார்கள். பாலினத்தைப் பற்றி வாய் திறக்கத் தயங்கும் ஆட்டிசம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். மறுபடியும் மறைப்பு.

மறைப்புக்கு விலை உண்டு. 2018-ல் சாரா காசிடி குழு ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் செய்த ஆய்வில், தன் இயல்பை மறைத்து நடிப்பது அதிகமாக இருந்தால் தற்கொலை எண்ணமும் அதிகமாக இருந்தது. எதிலிருந்தும் பிரித்தறிய முடியாதபடி இருப்பது வெற்றி என்று 1974-லும் 1987-லும் எழுதினார்கள். 2018-ல் அதையே ஆபத்தின் அறிகுறிகள் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

ஆராய்ச்சி என்றாலே இவர்களில் பலர் ஏன் ஒதுங்குகிறார்கள் என்பதும் இதில் புரிந்துவிடும். 2021 ஆகஸ்டில் பிரிட்டனில் 10,000 ஆட்டிசம் உள்ளவர்களின் மரபணு மாதிரியைச் சேகரிக்கும் ஒரு திட்டம் தடபுடலாக அறிவிக்கப்பட்டது. இதை எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று ஆட்டிசம் உள்ளவர்களே கேள்வி எழுப்ப, அடுத்த மாதமே நிறுத்தி வைத்தார்கள்.

இதெல்லாம் அமெரிக்கா, பிரிட்டன் சமாச்சாரம் என்று தோன்றலாம். 1982-ல் இந்திய மனநல இதழில் பம்பாய் மருத்துவர்கள், தன்பாலின ஈர்ப்பை நடத்தை மாற்றத்தால் குணப்படுத்துவதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் அதேதான். அதற்கு நம் பக்கம் முற்றுப்புள்ளி வைத்தது சென்னை உயர் நீதிமன்றம். 2021 ஜூன் 7, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். மதுரையிலிருந்து பாதுகாப்புத் தேடி வந்த இரண்டு பெண்களின் வழக்கு. தனக்கு இதில் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகே அவர் உத்தரவு எழுதினார். பாலின அடையாளத்தையோ ஈர்ப்பையோ மருத்துவத்தால் மாற்ற முயல்வது கூடாது என்றது அந்த உத்தரவு. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

ஆக, ஒரே லேபில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று இங்கே தொழில்முறைத் தவறு. இன்னொன்றுக்கு மாசாமாசம் ஃபீஸ் கட்டுகிறோம். இரண்டும் சரிசமம் என்று நான் சொல்ல வரவில்லை. தண்ணீர் கேட்கத் தெரியாத குழந்தைக்குத் தண்ணீர் கேட்கச் சொல்லிக்கொடுப்பதும், நடையை மாற்று என்று அடிப்பதும் ஒன்றாகாது. அக்கா பையனை அந்த சென்டரில் யாரும் அடிப்பதுமில்லை. ஆனால் அந்த சார்ட்டில் இரண்டு வகை வரிசைகள் ஒரே பேனாவால் எழுதப்பட்டிருக்கின்றன. 'தண்ணீர் கேட்டான்' அவனுக்காக. 'கையை ஆட்டாமல் உட்கார்ந்தான்' யாருக்காக?

இதையெல்லாம் அக்காவிடம் போனில் சொன்னேன். பாதியில் நிறுத்தி, "அப்ப தெரபியை விடச் சொல்றியா?" என்றாள். விடச் சொல்லவில்லை, சென்டரில் ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: கையை ஆட்டுவதை நிறுத்தினால் இவனுக்கு என்ன லாபம்? ரெண்டு வாரம் கழித்து வாட்சப்பில் ஒரு படம் வந்தது. ஃபிரிட்ஜ் சார்ட். கடைசி வரிசையின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு. கூடவே ஒரு வரி: "கேட்டேன். ஸ்கூல்ல சேக்க ஈசியா இருக்கும்னாங்க. ஜூன்ல அட்மிஷன். அதுவரைக்கும் இப்படி இருக்கட்டும், அப்பறம் பாக்கலாம்."